பேசாத சிறப்பு விருந்தினர்

விழா என்றால் மேடை உண்டு. மேடை என்றால் தலைவர் உண்டு. சிறப்பு விருந்தினர் உண்டு. வரவேற்புரை முடிந்து பொன்னாடை போர்த்தியதும் சிறப்பு விருந்தினர் எழுந்து பேசுவார். நாம் கேட்போம். அவர் பேச்சு நீண்டுவிட்டால் கடைசிப் பேருந்து போய்விடுமே என்று கவலையும் கொள்வோம். ஆனால், சிறப்பு விருந்தினர் ஒரு சொல்லும் பேசாமலே திரும்பிய விழாவை நீங்கள் பார்த்ததுண்டா? கடல் கடந்து அழைத்து வரப்பட்டவர். அவர் முகத்தைக் காண ஆயிரக்கணக்கானோர் கூடினர். அவர் எழுதிய கதையைப் பற்றியே கூட்டமும் நடந்தது. ஆயினும் பேசியவர்கள் எல்லாரும் மற்றவர்களே!

அவர்தாம் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் என்னும் அமெரிக்க நாவலாசிரியை. ‘டாம் மாமாவின் குடிசை’ என்ற புதினத்தை எழுதி, அடிமை முறைக்கு எதிராக ஒரு நாட்டின் உள்ளத்தையே உலுக்கியவர். அவருடைய வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

வேதியியல் படிக்கும் நான் இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பள்ளி இறுதியாண்டில் ஆண்டு விழா வரவேற்புரையை எழுதும் பணி எனக்குக் கிடைத்தது. இரண்டு இரவுகள் விழித்து எழுதினேன். ஆனால் மேடையில் அதை வாசித்தவன் ஒரு மாணவன். அவனுக்குக் குரல் கணீரென்று இருக்கும் என்றார்கள், உண்மைதான். அவையினர் கைதட்டினர். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த என் அம்மாவும், அதை எழுதியது தம் மகள்தான் என்று அறியாமலே கைதட்டினார். அந்தக் கைதட்டலை நான் இன்னும் மறக்கவில்லை. ஸ்டோவ் அம்மையாரின் வரலாற்றைப் படித்தபோது, எங்கோ தொலைவில் பிறந்த அவர் எனக்கு மிக அருகில் வந்து அமர்ந்தது போல் இருந்தது.

ஹாரியட் 1811-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்தில் லிட்ச்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தை லைமன் பீச்சர் புகழ்பெற்ற சமயச் சொற்பொழிவாளர். ஐந்து வயதிலேயே ஹாரியட் தாயை இழந்தார். வீடு நிறைய உடன்பிறந்தார். ஆண்மக்கள் எழுவரும் தந்தையைப் போலவே சமயப் போதகர்களாயினர். இந்தப் பெண் ஆணாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று தந்தை ஏங்கினாராம். அறிவில் குறையில்லை, ஆனால் மேடை பெண்ணுக்கு உரியதன்று என்பது அக்காலத்துக் கொள்கை. எனவே சொற்பொழிவாளர் நிறைந்த வீட்டில் ஹாரியட் எழுத்தாளராக வளர்ந்தார். அக்காள் காதரின் நடத்திய பெண்கள் பள்ளியில் படித்தார். பின்னர் அங்கேயே ஆசிரியையும் ஆனார்.

1832-இல் குடும்பம் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஓடும் ஒஹையோ ஆறு வெறும் ஆறன்று. இரண்டு உலகங்களைப் பிரித்த எல்லைக்கோடு. இக்கரையில் அடிமை முறை இல்லை. அக்கரையில் கென்டக்கி, அங்கே மனிதரை மனிதர் விலைக்கு வாங்கலாம், விற்கலாம். ஆற்றைக் கடந்து தப்பி வந்த அடிமைகளின் துயரக் கதைகள் ஹாரியட்டின் செவியில் விழுந்தன. 1836-இல் கால்வின் ஸ்டோவ் என்ற பேராசிரியரை மணந்தார். குழந்தைகள் ஏழு, வருமானமோ குறைவு. அடுப்பு வேலைக்கும் தொட்டில் வேலைக்கும் நடுவே பத்திரிகைகளுக்குக் கதை எழுதிக் குடும்பச் செலவுக்கு உதவினார்.

1849-இல் சின்சினாட்டியில் காலரா பரவியது. ஹாரியட்டின் ஆண் குழந்தை சாமுவேல் ஒன்றரை வயதில் இறந்தது. தாயின் மடியிலிருந்து பிள்ளையைப் பறித்து ஏலத்தில் விற்றால் அந்த அடிமைத் தாயின் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை, தம் பிள்ளையை மண்ணில் புதைத்த பிறகே முழுமையாக உணர்ந்ததாக அவர் பின்னாளில் குறிப்பிட்டார். அடுத்த ஆண்டே, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற சட்டம் வந்தது. அந்த இரண்டு நெருப்பும் சேர்ந்து ஒரு புதினம் பிறந்தது. 1851 ஜூன் முதல் வாஷிங்டனில் வெளிவந்த ஒரு வார இதழில் அது தொடர்கதையாக வந்தது. 1852 மார்ச் 20-ஆம் நாள் பாஸ்டனில் நூலாயிற்று. முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் மூன்று இலட்சம் படிகள் விற்றன.

இங்கிலாந்திலோ விற்பனை பத்து இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆசிரியையின் அனுமதியின்றி அச்சிடப்பட்டவை. அயல்நாட்டு எழுத்தாளரின் உரிமையைக் காக்கும் சட்ட ஏற்பாடு அன்று இரு நாடுகளுக்கும் இடையே இல்லை. உழைத்தவர் ஒருவர், அறுவடை செய்தவர் வேறொருவர்! அந்தக் கடனைத் தீர்க்க நினைத்ததைப் போல, கிளாஸ்கோ நகரத்து அடிமை ஒழிப்புச் சங்கத்தார் அவரைத் தம் நாட்டுக்கு வருமாறு அழைத்தனர்.

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஹாரியட் தம் கணவருடனும் தம்பி சார்லஸுடனும் லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கினார். ஐந்தடி உயரம்கூட இல்லாத, மெலிந்த உருவம். அவரைக் காணத் துறைமுகத்தில் கூட்டம் காத்திருந்தது. ஸ்காட்லாந்துக்குப் போகும் வழியில் ரயில் நிலையங்களிலும் மக்கள் திரண்டனர். பெரிய பெரிய கூட்டங்கள், தேநீர் விருந்துகள், வரவேற்பு மடல்கள்! எடின்பரோவில் ஏழை எளியவர் ஒவ்வொரு பென்னியாகத் திரட்டிய நிதி, வெள்ளித் தட்டில் ஆயிரம் பொற்காசுகளாக அவரிடம் தரப்பட்டது. அடிமைகளின் நலனுக்குச் செலவிடுமாறு வழங்கப்பட்ட நிதி அது.

இத்தனை கூட்டங்களிலும் ஹாரியட் என்ன பேசினார்? ஒன்றும் பேசவில்லை. ஆணும் பெண்ணும் கலந்த பொதுக் கூட்டத்தில் நற்குடிப் பெண் எழுந்து பேசுவது தகாது என்று அக்காலத்தார் எண்ணினர். 1840-இல் இலண்டனில் நடந்த உலக அடிமை ஒழிப்பு மாநாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து சென்ற பெண் பிரதிநிதிகளுக்கு அவையில் இடம் மறுக்கப்பட்டது. அவர்கள் ஒதுக்குப்புறத்தில் அமர்ந்து கேட்க வேண்டியதாயிற்று. விடுதலைக்காகக் கூடிய அவையிலேயே பெண்ணுக்கு விடுதலை இல்லை! அந்த மாநாட்டில் மனம் புண்பட்ட லுக்ரீஷியா மாட், எலிசபெத் கேடி ஸ்டான்டன் ஆகிய இருவரும்தாம் 1848-இல் அமெரிக்காவின் செனிகா ஃபால்ஸ் ஊரில் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்ட முன்னின்றவர்கள். ஹாரியட் அவர்கள் வழியில் செல்லவில்லை. பழைய வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு மகளிருக்குரிய இடத்தில் அமர்ந்திருந்தார். அவருக்காக நன்றி கூறியவர் கணவர் கால்வின். அவர் இல்லாத இடத்தில் தம்பி சார்லஸ்.

மே மாதம் 7-ஆம் நாள் இலண்டனில் ஸ்டாஃபோர்டு மாளிகையில் நடந்த வரவேற்பு குறிப்பிடத்தக்கது. அது சதர்லாந்து கோமகளின் இல்லம். அடிமை முறையை ஒழிக்கப் பாடுபடுமாறு அமெரிக்கப் பெண்களை வேண்டி இங்கிலாந்துப் பெண்கள் ஒரு விண்ணப்பம் விடுத்திருந்தனர். அதில் கையொப்பமிட்டவர்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். கையொப்பங்கள் மட்டும் 26 தொகுதிகள்! அந்தப் பெண்களின் சார்பில் அவையில் வரவேற்புரை படித்தவர் யார்? ஷாஃப்ட்ஸ்பரி பிரபு என்ற ஆண்மகன். கோமகள், அடிமை விலங்கின் வடிவில் செய்த பொற்கங்கணம் ஒன்றை ஹாரியட்டுக்கு அணிவித்தார். ஆங்கிலேயர் அடிமை வணிகத்தை ஒழித்த நாளும், தம் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறையை ஒழித்த நாளும் அதன் வளையங்களில் பொறிக்கப்பட்டிருந்தன. மற்ற வளையங்கள் அமெரிக்காவின் விடுதலை நாளுக்காகக் காத்திருந்தன.

அதே மாதம் 16-ஆம் நாள் எக்ஸிட்டர் மண்டபத்தில் மாபெரும் கூட்டம் நடந்தது. அங்கும் ஹாரியட் மேலே மகளிர் பகுதியில் அமர்ந்திருந்தார். கீழே கால்வின் பேசினார். பாராட்டுரைகளைக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்த பேராசிரியர் அன்று ஓர் உண்மையைப் போட்டு உடைத்தார். அமெரிக்க அடிமைகள் விளைவிக்கும் பருத்தியில் பெரும்பகுதியை வாங்குவது ஆங்கிலேயரின் ஆலைகளே அல்லவா, அந்தப் பருத்தியை வேண்டாமென்று தள்ள நீங்கள் ஆயத்தமா என்ற பொருள்படக் கேட்டார். அவையில் முணுமுணுப்பு எழுந்தது. அயலான் வீட்டுக் குப்பையைக் காட்டிக் கைதட்டுவது எளிது. தன் வீட்டு வாசலைக் காட்டினால் யாருக்குத்தான் கசக்காது? சில நாள்களில் கால்வின் ஊர் திரும்பினார். ஹாரியட் தம்பியுடன் பிரான்சு, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளைச் சுற்றிப் பார்த்தார்.

பயண அனுபவங்களை 1854-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அந்நூலின் முன்னுரைப் பகுதியில் என்ன இருக்கிறது தெரியுமா? வரவேற்புக் கூட்டங்களில் ஆடவர் ஆற்றிய உரைகள், கால்வின் தொகுத்துத் தந்தவை! அவற்றைத் தாண்டிய பிறகே ஹாரியட்டின் எழுத்து தொடங்குகிறது. எழுத்து என்னும் தம் சொந்த வீட்டிலும் அவர் விருந்தினரைப் போலப் பின்னால்தான் வந்து அமர்ந்தார்.

இதுவரை படித்தவர்கள் ஹாரியட்டின் மீது இரக்கம் கொள்வீர்கள். நானும் கொண்டேன். ஆனால் இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது வரலாறு ஆகாது. வெறும் புகழ்மாலை ஆகிவிடும்.

அதே 1853-ஆம் ஆண்டில், ஹாரியட் இங்கிலாந்துக்குப் புறப்படும் முன்னர், இன்னொரு ஹாரியட் அவருடைய உதவியை நாடினார். அவர் பெயர் ஹாரியட் ஜேக்கப்ஸ். வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். எசமானனின் கொடுமைக்குத் தப்பி, தம் பாட்டி வீட்டுக் கூரையடியில், நிமிர்ந்து நிற்கவும் முடியாத ஒரு பொந்தில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தவர். 1842-இல் வடக்கே தப்பியவர். அவர் வாழ்க்கை எழுதப்பட வேண்டும் என்று தோழி ஏமி போஸ்ட் ஹாரியட்டுக்குக் கடிதம் எழுதினார். ஜேக்கப்ஸின் மகளை இங்கிலாந்துப் பயணத்தில் உடன் அழைத்துச் செல்லவும் வேண்டுகோள் போயிற்று.

ஹாரியட் அந்தப் பெண்ணை அழைத்துச் செல்ல மறுத்தார். அங்கே கிடைக்கும் சலுகைகளால் அவள் கெட்டுவிடுவாள் என்று கருதினார். அதோடு நிற்கவில்லை. ஜேக்கப்ஸின் அந்தரங்கம் அடங்கிய கடிதத்தை, அவர் வேலை பார்த்த வீட்டு அம்மையாருக்கே அனுப்பி இது மெய்தானா என்று கேட்டார். மெய்யானால், தம் புதினத்துக்குச் சான்றாகத் தாம் எழுதிவந்த நூலில் அதைச் சேர்த்துக்கொள்ள விரும்புவதாகவும் தெரிவித்தார். ஜேக்கப்ஸ் கேட்டது தம் கதையைத் தனியே சொல்லும் உரிமை; கிடைத்ததோ பிறர் நூலில் ஒரு சான்றாக இருக்கும் வாய்ப்பு. அவர் மனம் நொந்தார். பின்னர்ப் பேனாவைத் தாமே எடுத்தார். பகலெல்லாம் பிள்ளை வளர்க்கும் வேலை. கிடைத்த நேரத்தில் எழுத்து. 1861-இல் புனைபெயர்களுடன் அவர் தன்வரலாறு வெளிவந்தது. நெடுங்காலம் அதைக் கற்பனை என்றும், வெள்ளையர் ஒருவர் எழுதியது என்றும் பலர் ஒதுக்கினர். ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற பேராசிரியை கடிதங்களைத் தேடி ஆராய்ந்து, 1987-இல் வெளியிட்ட பதிப்பில் அது ஜேக்கப்ஸே எழுதிய உண்மை வரலாறு என்று நிறுவினார்.

எண்ணிப் பாருங்கள்! தம் குரலை ஆடவர் எடுத்துக்கொண்டதைப் பொறுத்துக்கொண்ட ஒரு பெண், இன்னொரு பெண்ணின் குரலைத் தாம் எடுத்துக்கொள்ள முனைந்தார். தீய எண்ணத்தால் அன்று. நன்மை செய்கிறோம் என்ற நம்பிக்கையால்தான். அடிமைகளுக்காக எழுதிய கைக்கு, ஓர் அடிமைப் பெண்ணும் எழுதுவாள் என்று தோன்றவில்லை.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆதலால் முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டை, பட்டா என்று எந்த மனுவானாலும் எழுத என்னிடம்தான் வருவார்கள். ஒருமுறை ஒரு பாட்டி தம் குறையைச் சொல்லத் தொடங்கினார். பாதியிலேயே எனக்கு விளங்கிவிட்டது என்று எண்ணி, நல்ல தமிழில் மளமளவென்று எழுதிப் படித்துக் காட்டினேன். பாட்டி சற்று நேரம் பேசாமல் இருந்தார். எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் தாம் சொன்னது அதுவன்று என்றார். உதவித்தொகை வரவில்லை என்று நான் எழுதியிருந்தேன். அவர் சொல்ல வந்ததோ, கேட்கப் போன இடத்தில் தம்மை உட்காரச் சொல்லாமல் வெயிலில் நிற்க வைத்தார்கள் என்பது. மனுவைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மேடையில் என் எழுத்தைப் பிறர் வாசித்ததற்காக வருந்திய நானே, பாட்டியின் பேச்சைப் பறித்துக்கொள்ள இருந்தேன் அல்லவா?

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். ஹாரியட் 1856-இல் இரண்டாம் முறை இங்கிலாந்து சென்றார். இம்முறை பாராட்டுக்காக மட்டும் அன்று. நூல் வெளியாகும் நேரத்தில் ஆசிரியர் அந்நாட்டு மண்ணில் இருந்தால் அங்கே பதிப்புரிமை கிடைக்கும். எனவே ‘டிரெட்’ என்ற அடுத்த புதினத்துக்குத் தம் உரிமையைக் காத்துக்கொள்ளவே கடல் கடந்தார். முதல் பயணம் கற்பித்த பாடம் அது! 1859-இல் மூன்றாம் முறையும் ஐரோப்பா சென்று அடுத்த ஆண்டு திரும்பினார்.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. முன்பு கண்ணீர் வடித்த இங்கிலாந்தில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களுக்குப் பலர் பரிவு காட்டினர். அப்போது ஹாரியட் அந்த 26 தொகுதிகளை நினைத்தார். ஒன்பதரை ஆண்டுகளுக்கு முன் பெற்ற விண்ணப்பத்துக்கு, 1863 ஜனவரியில் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் பதில் எழுதினார். நீங்கள் அன்று எங்களிடம் வேண்டியதை இன்று நாங்கள் உங்களிடம் வேண்டுகிறோம் என்பது அதன் சாரம். ஸ்டாஃபோர்டு மாளிகையில் பேசாதிருந்தவர் இறுதியில் தாமே பதில் சொல்லிவிட்டார்.

அதே ஜனவரி முதல் நாள் குடியரசுத் தலைவர் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்தது. பாஸ்டன் இசை மண்டபத்தில் கூடியிருந்த மக்கள் ஹாரியட்டின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தனர். மாடத்தில் இருந்த அவர் எழுந்து வந்து, கண்ணீருடன் தலை வணங்கினார். அப்போதும் பேசவில்லை. பொற்கங்கணத்தின் வெற்று வளையங்களில் பின்னர் அமெரிக்க விடுதலையின் நாள்களும் பொறிக்கப்பட்டன.

அப்படியானால் அவர் கடைசிவரை மேடை ஏறவே இல்லையா? ஏறினார்! 1872-இல், தமது 61-ஆம் வயதில், தம் கதைகளைப் பொதுமக்கள் முன் தாமே வாசிக்க ஒப்புக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். குடும்பத்துக்குப் பணம் தேவைப்பட்டது, காலமும் மாறியிருந்தது. தொடக்கத்தில் குரல் எட்டவில்லை. பாஸ்டனில் ஒரு வாசிப்புக்கு முன்னர் அவர் தம் தோழி ஆனி ஃபீல்ட்ஸைக் கண்ணாடி முன் அழைத்துச் சென்றாராம். நெற்றியில் சுருண்டு கிடக்கும் நரைமுடியை நேராக நிமிர்த்தி வாரியிருந்தார். பிரசங்கத்துக்குப் புறப்படும் தம் தந்தையைப் போலவே இப்போது இருப்பதாகச் சொல்லி மகிழ்ந்தாராம். பின்னர் மேடை ஏறினார், நன்றாக வாசித்தார். ஆணாகப் பிறக்கவில்லையே என்று ஏங்கிய தந்தைக்கு, அறுபதைக் கடந்த மகள் அளித்த விடை அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1882 ஜூன் 14-ஆம் நாள் பதிப்பகத்தார் அவருடைய பிறந்த நாளுக்குத் தோட்ட விருந்து நடத்தினர். எழுத்தாளர் பலர் கூடியிருந்தனர். அன்று அவர் எழுந்து நின்று தம் வாயாலேயே சில சொற்கள் பேசினார். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உழைத்து முன்னேறுவதைக் கண்ட மகிழ்ச்சியும் அப்பேச்சில் இருந்தது. 1896 ஜூலை முதல் நாள் ஹார்ட்ஃபோர்டு நகரில் காலமானார்.

அன்பு நண்பர்களே! அவையஞ்சாமை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அவைக்கு அஞ்சாமல் பேசுவது ஒரு கல்வி. ஆனால் பேச வேண்டியவரைப் பேச விட்டு, நாம் வாய்மூடிக் கேட்பதும் ஒரு கல்வியே. முதல் பாடத்தை ஹாரியட் அறுபது வயதுக்கு மேல் கற்றார். இரண்டாவது பாடத்தை அவருடைய தவற்றிலிருந்து நாம் இருபது வயதிலேயே கற்றுக்கொள்ளலாம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம் போன்றோருக்கு இது மிகவும் வேண்டும். நம் பின்னால் பேசக் காத்திருப்போர் பலர்.

இந்த ஆண்டு எங்கள் துறை மன்ற விழாவில் நன்றியுரையை நானே எழுதி நானே படித்தேன். கால்கள் நடுங்கின. ஆனாலும் படித்து முடித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது, அடுத்த முறை தம்மையும் அழைத்துப் போகுமாறு அம்மா கேட்டார். அழைத்துப் போவேன். யாருக்காகக் கைதட்டுகிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியும்.